போனவர்களைப் பற்றி இரண்டு புத்தகங்கள்

மூன்றாவது முறையாகவும் பச்சையப்பன் அதே பொருளில்தான் புத்தகம் கேட்டார்.

"வூட்ட வுட்டுப் போனவங்களப் பத்தி வேற ஏதாச்சும் கீதுங்களா, லைப்ரரியம்மா?"

கேட்டுவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். தெருவில் ஓர் ஆட்டோவும் கரும்புச்சாறு வண்டியும் தவிர ஒன்றும் இல்லை.

பச்சையப்பன் மலைமேல் முருகன் கோயிலின் முடி காணிக்கை மண்டபத்தில் மொட்டை போடுகிறவர். வேலை முடிந்து இறங்கும்போது கையில் சந்தன மணத்தோடு எங்கள் நூலகத்துக்கு வருவார். ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிற நூலகம் இது. கடைத்தெருவுக்குப் பின்சந்தில் இரண்டு அறை, நாலாயிரம் புத்தகம், நான் ஒருத்தி. பன்னிரண்டு வருடமாக அவர் எடுத்ததெல்லாம் துப்பறியும் கதைகள். ராஜாக்கள் சண்டை போட்டுக்கொண்டால் அதையும் எடுப்பார். வீட்டை விட்டுப் போனவர்கள்மேல் திடீரென்று என்ன அக்கறை?

"எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"சும்மா, தெரிஞ்சிக்கத்தான்." கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சொல்லாம கொள்ளாம போறவங்க முன்னாடியே ஏதாச்சும் காட்டிக் குடுத்துடுவாங்களா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதைத் துண்டுக்குள் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். மறைத்துக்கொண்டு போகிற அளவுக்கு என் அலமாரியில் ஒரு புத்தகமும் கிடையாது.

அந்தப் பொருளை அவருக்கு அறிமுகம் செய்ததே நான்தான். கிருத்திகைக்குக் கிருத்திகை நான் ஒரு பொருளை எடுத்துக்கொள்வேன். அதில் ஒரு நாவல், ஓர் உண்மை நூல். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் முழுக்கப் படித்துவிட்டு, ஒன்றாகக் கட்டி ஜன்னலோர மேஜையில் வைப்பேன். மேலே, என்ன பொருள், ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நாலு வரியில் ஓர் அட்டை. தண்ணீர் என்றால் ஏரி வற்றிய ஊரின் கதையும் கிணறு தோண்டுகிற முறைகளைச் சொல்லும் நூலும். கதை மனசை இளக்கும். இளகிய மனசு என்ன செய்யலாம் என்பதை மற்றது சொல்லும். திருவாலங்காட்டிலிருந்து ஒரு கரும்பு விவசாயி இந்தக் கட்டுகளுக்காகவே மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருகிறார். முருகன் எனக்குக் கொடுத்த ஊழியம் இது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் எல்லாம் அவசரம். ஊரெங்கும் காவடி. தொலைந்துபோனவர்களின் பேரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் 'போனவர்கள்' என்ற பொருள் தோன்றியது. மனைவியிடம் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகும் ஒருவனைப் பற்றிய நாவல் ஒன்று. காணாமல் போனவர்களைத் தேடுவதையே வேலையாகக் கொண்டிருந்த ஒரு போலீஸ்காரரின் அனுபவ நூல் இன்னொன்று. அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போனது பச்சையப்பனின் மனைவி துர்கா. மலையில் கூட்டம், அவரால் மூன்று நாள் கீழே இறங்க முடியவில்லை. அவருடைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம், மேஜையில் மிச்சம் இருந்த ஒரே கட்டைக் கொடுத்தனுப்பினேன். அவள் என்ன ஏதென்று பார்க்கக்கூட இல்லை. பஸ்ஸுக்கு ஓடினாள்.

பிறகு பச்சையப்பன் அதைப் புதுப்பித்தார். இன்னும் வேண்டும் என்றார். ஒருவருக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் தேடித் தேடிக் கொடுப்பது என் வழக்கம். கொடுத்தேன். இப்போது மூன்றாவது முறை.

சந்தேகம் வந்துவிட்டால் கண் அதைத் தவிர வேறொன்றையும் பார்க்காது. அவர் முகத்தில் வளர்ந்திருந்த நாலு நாள் தாடிகூட எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. கே.ஜி.கண்டிகையில் அவருக்கு வீடு, பத்து வயதில் அபி என்று ஒரு பெண். முருகா, இந்த மனுஷன் போகப் போகிறாரா?

வெள்ளிக்கிழமை காலை, நூலகத்தைத் திறந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தபோதே துர்கா வந்துவிட்டாள். கண்டிகை பஸ் நிறுத்தத்தில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிறவள். பிறந்த ஊர் ஆந்திர எல்லையைத் தாண்டிய நகரி; அப்பா அவளுக்கு 'நைனா', புருஷன் 'பாவா'.

"சுலோச்சனா மேடம், எங்கூட்டுக்காரு இன்னா இன்னா புக்கு எடுத்தாரு? அந்த ரிஜிஸ்டர காட்டுங்க."

"அது அப்படிக் காட்டக் கூடாதும்மா. ஒருத்தர் படிக்கிறது அவருக்கும் புத்தகத்துக்கும் உள்ள விஷயம்."

"பொண்டாட்டிக்கு இல்லியா?" பையைத் திறந்து அந்தக் கட்டை மேஜைமேல் போட்டாள். "சரி, ரிஜிஸ்டர நீங்களே வெச்சிக்குங்க. எனுக்கு இதுவே போதும். படிங்க."

நாவலை நடுவில் பிரித்துக் காட்டினாள். ஒரு வரியின் கீழே பென்சில் கோடு. சொல்லிக்கொண்டு போனால் போகவே முடியாது, என்று கதையில் வருகிறவன் நினைத்துக்கொள்கிற இடம்.

"இத்தயும் படிங்க." போலீஸ்காரரின் நூலைப் பிரித்தாள். அதிலும் ஒரு கோடு. போகிறவர் பல நாள் முன்பிருந்தே வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார், என்ற வரி.

"எங்கூட்ல இத்தப் படிச்சது அவுரு. ஒரு நாளு கடைக்கு லீவு, கையில எடுத்துப் பாத்தேன், கோடு போட்டு வெச்சிகீறாரு. கோட்டு முடிவுல முருகன் வேலு வேற. மலமேல வேல செய்யறவரு வேற இன்னா போடுவாரு? அன்னிலேர்ந்து பாத்துகினே வரேன் மேடம். பேச்சு இல்ல. ஆங், ஊங், அவ்ளோதான். புக்குல போட்டிருக்கற மாதிரியே."

"நீ கேட்டியா அவர்கிட்ட?"

"இன்னான்னு கேக்கறது? எப்ப போறன்னா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க நைனாவுக்கு போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம நகரிலேர்ந்து வண்டி எடுத்துகினு வராரு. எங்கூட்டுக்காரு போறதுக்கு முன்னாடி நானே அபிய கூட்டிகினு போயிடறேன். வுட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னு எனுக்குப் பேரு வேணாம்."

நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது என் கோடு.

இரண்டு புத்தகங்களும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் லேசாகக் கோடு போட்டு, முடிவில் ஒரு சின்ன வேல் வரைந்துகொள்வேன். அட்டையில் எழுதுவதற்கு அந்த இடங்கள் எனக்கு வேண்டும். எழுதி முடித்ததும் ரப்பரால் அழித்துவிடுவேன். ஆடிக் கூட்டத்தில் அழிக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நான் விசாரிக்கிறேன்மா, நீ போ" என்றேன். ஏன் சொல்லவில்லை என்பதை மறைத்துப் பயனில்லை. போன வருடம்தான், புத்தகத்தில் கோடு போட்டதற்காக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வரதராஜனை எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்துப் பேசினேன். அவர் அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்த நான் எப்படிச் சொல்வேன்?

துர்கா போன பிறகு ரப்பரை எடுத்தேன். இரண்டு தேய்ப்பு, ஒன்றும் இருக்காது. ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தேன். அப்புறம் இரண்டு புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி, ஆட்டோ பிடித்து மலைக்குப் போனேன்.

முடி காணிக்கை மண்டபத்தில் தரையெல்லாம் தண்ணீரும் முடியும். மொட்டை போட்ட குழந்தைகள் ஒரே சுருதியில் அழுதுகொண்டிருந்தன. பச்சையப்பன் ஒரு பெரியவரின் தலையை முடித்து அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னா மேடம் இங்க? வேண்டுதலா?"

"உங்களோட பேசணும். துர்கா வந்திருந்தா."

கத்தியைக் கிண்ணத்தில் போட்டார். தூண் பக்கமாக ஒதுங்கினோம்.

"வந்தாளா? சொல்லிட்டாளா? என்கிட்ட சொல்லாதத உங்ககிட்ட சொல்லிட்டாளா?"

"என்ன சொல்லணும்?"

"போவப் போறான்னு." அவர் குரல் அடங்கிப்போயிருந்தது. "ஆடிக்கு அவளே போயி அந்தப் புக்க எடுத்தாந்தா மேடம். அவ என்னைக்குப் புக்கு எடுத்தா? மூணு நாளு கழிச்சி வூட்டுக்கு வரேன், அலமாரியில கீது. பிரிச்சா கோடு. சொல்லிகினு போனா போவ முடியாதாம். கோட்டுக்குப் பக்கத்துல ஒரு மார்க்கு, ஜாக்கெட்டுத் துணியில அளவு வெச்சிப் போடுவாளே, அதே மாதிரி. பேச்சும் கொறஞ்சிபோச்சி. அதான் இன்னும் புக்கு கேட்டேன். எதுக்குப் போறாங்க, இன்னா செஞ்சா நிப்பாங்கன்னு எதுலயாச்சும் போட்டிருக்கும்ல?"

வேல் அவளுக்கு வேலாகவும் இவருக்குத் தையல் குறியாகவும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் அடுத்தவர் போட்டதென்று நம்பிவிட்டார்கள். நான் அந்த வீட்டுக்கு மேலும் மேலும் அதே பொருளைக் கட்டிக் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

"பச்சையப்பன், அந்தக் கோடு நான் போட்டது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை.

"அவ அனுப்பிச்சாளா உங்கள? பழிய ஏத்துக்கச் சொல்லி?"

"இல்லை. சத்தியமா நான்தான்."

"நீங்களா? புக்குல ஒரு புள்ளி வெச்சா கூட கத்துவீங்க. தலைமையாசிரியரு அன்னிக்கி தல குனிஞ்சிகினு போனத நான் பாத்துகினு நின்னேன். நீங்க கோடு போடுவீங்களா? நல்ல மனசுங்க உங்களுக்கு. பொம்பளைக்குப் பொம்பள காப்பாத்தறீங்க. எனுக்குப் புரியுது."

அதற்கு நான் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் நம்புவார் என்றுதான் மலை ஏறி வந்தேன். பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். போலீஸ்காரரின் நூலை அவர் கண்முன் பிரித்து, கோடு இருந்த வரிக்கு அடுத்த வரியின் கீழே இன்னொரு கோடு போட்டேன். என் கோடு எப்போதும் முடிவில் கொஞ்சம் மேலே ஏறும். ஏறியது. பக்கத்தில் ஒரு சின்ன வேல் வரைந்தேன்.

பச்சையப்பன் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஈர விரலால் தொடப் போனவர், நிறுத்தி, வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டார்.

"அப்ப இவ பேசாம இருந்தது?"

"நீங்க பேசினீங்களா?"

"நான் இன்னாத்தப் பேசுவேன்? அவ மூஞ்சப் பாத்தாலே…" பாதியில் நின்றுவிட்டார்.

"அவளும் உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தா. நீங்க போகப் போறீங்கன்னு நினைச்சு அவங்க அப்பாவை வரச் சொல்லியிருக்கா. ஞாயித்துக்கிழமை வர்றார். அவளையும் அபியையும் கூட்டிட்டுப் போக."

பச்சையப்பன் தூணில் சாய்ந்துகொண்டார். மண்டபத்துக்குள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இருய்யா, வரேன்" என்று கத்தினார். மடியிலிருந்து போனை எடுத்து எண்ணைத் தட்டினார். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தூணருகே ஒரு படிமேல் வைத்தார்.

"ஆங்," என்றாள் துர்கா. அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்து, என்ன பேசுவது என்று கையால் கேட்டார். இத்தனை புத்தகம் எடுத்துக் கொடுத்த எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில், "சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"சாப்டியா?" என்றார் பச்சையப்பன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"இன்னா பாவா, புதுசா கேக்கற?"

"கேக்கக் கூடாதா?"

"ஒரு மாசமா கேக்கல."

"நீயும்தான் கேக்கல." அவர் போன் பக்கமாகக் குனிந்தார். "ஏய், நான் எங்கயும் போவல. நீ போறன்னு நெனச்சி நான் ரயிலு பஸ்ஸு எல்லாத்தையும் பாத்துகினு கீறேன். ரெண்டு பேரும் போவாமயே ஒரு மாசம் ஓட்டிட்டம்டி."

துர்காவின் மூச்சு மட்டும் கேட்டது.

"நைனா வரட்டும்," என்றார் அவர். "வரவேணாம்னு சொல்லாத. வந்தா சாப்ட்டுட்டுப் போவட்டும். ஞாயித்துக்கெழம நான் லீவு சொல்லிடறேன்."

"நெஜமா சொல்றியா? அந்தக் கோடு?" என்றாள் அவள். குரலில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

பச்சையப்பன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "லைப்ரரியம்மா இங்கதான் கீறாங்க. அவங்களே சொல்லட்டும்."

போனில் முடித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வாங்கிக்கொண்டேன்.

"துர்கா, அது நான் போட்ட கோடும்மா. காலையில உன்கிட்டயே சொல்லியிருக்கணும். வெட்கப்பட்டுக்கிட்டு சொல்லாம விட்டுட்டேன். என்னை மன்னிச்சுடு."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"அபிகிட்டகூட நான் நல்லபடியா பேசல மேடம், இத்தினி நாளா," என்றாள். "அது ஸ்கூல்லேர்ந்து வந்து ஏதோ சொல்லும். சும்மா இருடின்னுடுவேன்." அவள் அழ ஆரம்பித்தாள்.

பச்சையப்பன் உள்ளே போய்விட்டார். அவருக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் குழந்தை அம்மாவின் மடியில் திமிறிக்கொண்டிருந்தது. "ஒண்ணியும் இல்ல கண்ணு, தண்ணிதான், சில்லுன்னு இருக்கும் பாரு" என்று அதன் தலையை நனைத்தார்.

நான் தூணருகே போனைக் காதில் வைத்துக்கொண்டு, துர்கா அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.