மிச்சமிருந்த சிறுநீரகம்

முதுகுவலிக்காகத்தான் அவர் ஸ்கேன் எடுக்கப் போனார். லிஃப்ட் மெக்கானிக், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கூண்டின் தலையில் குந்தி உட்கார்ந்து கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது இடுப்புக்கு மேலே சுருக்கென்று பிடித்தது. கம்பெனி டாக்டர், கல் ஏதாவது இருக்கலாம், எதற்கும் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் அறையில் குளிர் அதிகம். வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திய டாக்டர் இளைஞர்.

"இடது பக்கக் கிட்னியைக் காணோமே சார்?"

"அது தங்கச்சிகிட்ட பத்திரமா இருக்கு டாக்டர். பதினொரு வருஷம் ஆச்சு."

இந்தப் பதிலுக்கு எல்லோரும் சிரிப்பார்கள். இந்த டாக்டர் சிரிக்கவில்லை. கருவி இப்போது வலது பக்கத்தில் நின்றிருந்தது. ஒரே இடத்தில் அழுத்தி, திரையில் கோடு இழுத்து அளந்து, மறுபடி அளந்தார்.

"வருஷா வருஷம் செக்கப்புக்குப் போறீங்களா?"

"முதல் நாலஞ்சு வருஷம் போனேன். அப்புறம் வேலை..."

டாக்டர் டிஷ்யூவை நீட்டினார். கல் இல்லை. மிச்சமிருந்த ஒற்றைச் சிறுநீரகத்தின் நடுப்பகுதியில், நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, உருண்டையாக ஒரு கட்டி. முதுகுவலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வலி தசைப்பிடிப்புதான், ஒரு வாரத்தில் தானாகப் போய்விட்டது. கட்டி ஒரு நாளும் வலிக்கவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. கட்டி ரத்தக்குழாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, சிறுநீரகத்தை முழுசாக எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு, அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றார். மெக்கானிக்கின் மனைவி, "வேற யாரையாவது ஒரு தடவை பார்த்துடலாங்க" என்றாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் சொன்னார்:

"தங்கச்சிக்குத் தெரியக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியக் கூடாதுன்னா தெரியக் கூடாது."

இரண்டாவதாகப் பார்த்தது சிறுநீரகக் கட்டிகளையே வேலையாகப் பார்க்கும் ஒரு பெண் சர்ஜன். குள்ளமான உருவம்; குரல் மட்டும் நாலு அறைக்குக் கேட்கும். படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து மெக்கானிக்கின் எதிரே போட்டுக்கொண்டார்.

"எடுக்கறதுக்கு முன்னாடி இது என்னன்னு தெரிஞ்சுக்கலாம். எல்லாக் கட்டியும் ஒரே ரகம் இல்ல. சிலது பாயும், சிலது நகரும், சிலது உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்திருக்கும். ஊசி போட்டுத் துளி எடுத்துப் பரிசோதிப்போம். ரெண்டு கிட்னி இருக்கறவங்களுக்கு நான் சில சமயம் இதைச் செய்ய மாட்டேன். உங்களுக்கு இருக்கறது ஒண்ணு. அவசரப்பட்டுத் தூக்கி எறிய முடியாது."

"கட்டியை மட்டும் எடுக்க முடியுமா டாக்டர்?"

"முடியும்னு நினைக்கிறேன். ஆனா குழாய் எப்படி ஓடுதுன்னு தெளிவாத் தெரியணும். சாயம் ஏத்தி ஸ்கேன் எடுத்தா இருக்கற ஒண்ணுக்கும் ஆகாது. தானம் கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கிட்னியையும் படம் எடுத்திருப்பாங்களே, அது எங்க?"

மெக்கானிக் அங்கேதான் மாட்டிக்கொண்டார். அந்தப் படங்களெல்லாம் தங்கை வீட்டு பீரோவில், அவளுடைய ஆபரேஷன் காகிதங்களோடு சேர்ந்து இருந்தன.

தங்கை கணக்கு டீச்சர். சனிக்கிழமை காலை அவர் போனபோது சாப்பாட்டு மேஜை முழுக்க விடைத்தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"அந்தப் பழைய ஸ்கேன் படமெல்லாம் வேணும். கம்பெனில இன்ஷூரன்ஸ்காரங்க கேட்கறாங்க."

"பதினொரு வருஷம் கழிச்சா?"

"ஏதோ புது ரூல்."

"உட்காரு அண்ணா."

"வேலை இருக்கும்மா."

"பொய் சொல்றப்ப உனக்குக் காது சிவக்கும். சின்ன வயசுலேர்ந்தே. உட்காரு."

உட்கார்ந்தார். சொன்னார். சொல்லி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்குக் கொடுக்காம இருந்திருந்தா, இப்ப இதை எடுத்துப் போட்டுட்டு இன்னொண்ணோட நிம்மதியா இருந்திருப்ப."

"கொடுக்காம இருந்திருந்தா நீ இருந்திருக்க மாட்ட. கணக்கு டீச்சர்தானே, அதையும் சேர்த்துக் கூட்டிப் பாரு."

அவள் அழுதாள். அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொஞ்சநேரம் கழித்து எழுந்து போய் பீரோவைத் திறந்து படங்களை எடுத்து வந்தாள். ஆனால் அவர் கையில் கொடுக்கவில்லை. "நானும் வர்றேன்" என்று புடவை மாற்றப் போய்விட்டாள்.

சர்ஜன் முன்னால் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"எங்கிட்ட இருக்கறதை எடுத்துத் திருப்பி அவருக்கே வச்சுட முடியுமா டாக்டர்?"

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. "பைத்தியமா உனக்கு?" என்றார். கூட வந்திருந்த அவர் மனைவி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சர்ஜன் அந்தக் கேள்வியைச் சாதாரணக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

"முடியாதும்மா. பதினொரு வருஷம் உங்க உடம்புல ஓடினது. மறுபடி பிடுங்கி நட்டா பிடிக்கும்னு சொல்ல முடியாது. கடைசில ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடும். அதை விடுங்க. நீங்க உங்க கிட்னியை எப்ப ஸ்கேன் பண்ணினீங்க?"

"போன வருஷம்."

"இன்னைக்கே ஒண்ணு எடுத்துடுங்க. ஒரே உடம்புலேர்ந்து வந்தது. பார்த்துட்டா நிம்மதி."

அவளுடையது சுத்தமாக இருந்தது. அந்தச் செய்தி வந்தபிறகுதான் மெக்கானிக் அன்றைக்குச் சாப்பிட்டார்.

ஊசிப் பரிசோதனை முடிவு வர ஒன்பது நாள் ஆனது. புற்றுநோய்தான். ஆனால் வழக்கமாக வருகிற ரகம் இல்லை; குரோமோஃபோப் என்று பெயர். சிறுநீரகப் புற்றுநோய் வரும் நூறு பேரில் ஐந்து பேருக்கு வந்தால் அதிகம் என்றார் சர்ஜன். மெதுவாக வளரும், இந்த அளவில் வேறு இடத்துக்குப் பரவியிருப்பது அபூர்வம்.

"தான் ஒரு அபூர்வமான ஆளுன்னு உங்க அண்ணன் அடிக்கடி சொல்லுவார்" என்று மனைவி முணுமுணுத்தாள். தங்கை முதல்தடவையாகச் சிரித்தாள்.

பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. வலது சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோக ஒன்றுக்குப் பதில் இரண்டு குழாய்கள். மேலே போகும் சின்னக் குழாய்க்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை. அதை ஓடவிட்டு, பெரியதை மட்டும் இறுக்கிப் பிடித்தால் போதும் என்று சர்ஜன் திட்டம் போட்டார்.

ஆபரேஷன் நாலரை மணி நேரம். சிறுநீரகத்தைச் சுற்றி நொறுக்கிய பனிக்கட்டியை நிரப்பி, பெரிய குழாயில் ரத்தத்தை நிறுத்தி, கட்டியைக் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்துச் செதுக்கி எடுத்து, தைத்து, மறுபடி ரத்தத்தை விட்டார்கள். நிறுத்தி வைத்திருந்தது முப்பத்தொரு நிமிஷம். வெளியே வந்த சர்ஜன், "கட்டி முழுசா வந்துடுச்சு. மிச்சம் முக்கால்வாசி நல்லா இருக்கு. ஆனா அடிபட்டிருக்கு. எழுந்திருக்க நாள் எடுக்கும்" என்றார்.

அது எழுந்திருக்கவில்லை. முதல் நாள் பையில் சேர்ந்த சிறுநீர் ஒரு டம்ளர்கூட இல்லை. இரண்டாம் நாள் அதைவிடக் குறைவு. ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்றிலிருந்து ஐந்துக்கு ஏறியது. முகம் உப்பி, மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மதியம் டயாலிசிஸ் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தங்கை முகத்தில் மாஸ்க்கோடு வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மாற்றுச் சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் மருந்தால் அவளுக்கு எந்தக் கிருமியும் ஆகாது. ஆஸ்பத்திரிக்கு வரவே கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருந்தார். மெக்கானிக் இயந்திரத்தையே பார்த்தார். வாழ்க்கை முழுக்க மோட்டாரும் பெல்ட்டும் பார்த்தவர். குழாயில் தன் ரத்தம் சுற்றி வருவதைப் பார்க்க மட்டும் பிடிக்கவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் இடது கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தது. பல்லைக் கடித்தார்.

"பாதத்தை மேல பார்த்து இழு" என்று அவள் எழுந்து அவர் உள்ளங்காலை அழுத்திப் பிடித்தாள். "நர்ஸ்கிட்ட சொல்லு, வேகத்தைக் குறைப்பாங்க. சொல்லாம இருக்காத. நானும் ஆரம்பத்துல சொல்லாமதான் இருந்தேன்."

வலி அடங்கியபிறகு அவர் கேட்டார்.

"ரெண்டு வருஷம் இதுலயா படுத்திருந்த?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

"நான் வந்தா பேசவே மாட்ட. கோபம்னு நினைச்சுக்குவேன்."

"பேசத் தெம்பு இருக்காது அண்ணா."

டயாலிசிஸ் முடியும்வரை அவள் அவருடைய காலைப் பிடித்தபடியே இருந்தாள்.

ஒருநாள் விட்டு இன்னொரு முறை செய்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலை நர்ஸ் பையைப் பார்த்துவிட்டு, குனிந்து மறுபடி பார்த்தாள். "நானூறு" என்றாள். மெக்கானிக்கின் மனைவி வராந்தாவுக்கு ஓடிப்போய் நாத்தனாருக்குப் போன் போட்டு, "நானூறு மில்லி" என்று சொன்ன சத்தத்தில், பக்கத்தில் காத்திருந்த யாரோ குழந்தை பிறந்திருக்கிறதென்று நினைத்து வாழ்த்துச் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஆயிரம் தாண்டியது. மூன்றாவது டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

பரிசோதனைக்கூடத்தின் கடைசி அறிக்கையில், வெட்டிய ஓரங்களில் புற்றுநோய் இல்லை என்று இருந்தது. மருந்து, கதிர்வீச்சு எதுவும் வேண்டாம்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்பதில் வந்து நின்றது. இனி அதற்குக் கீழே போகாது என்றார் சர்ஜன். கனம் தூக்கக் கூடாது, வலி மாத்திரையைத் தொடவே கூடாது, தண்ணீர் மட்டும் மறக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கம்பெனி அவரைப் புகார் வாங்கும் மேஜையில் போட்டது. முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். இரண்டாவது வாரம், மாடி நடுவில் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாளிடம், ஆள் போய்ச் சேரும்வரை நாற்பது நிமிஷம் போனில் பேசிக்கொண்டிருந்தார். பயப்படாதீங்க, காத்து வந்துக்கிட்டுதான் இருக்கு, உட்கார்ந்துக்கங்க, ஏதாவது பேசுங்க என்றார். அந்த அம்மாள் தன் மருமகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல, போனைத் தோளில் இடுக்கியபடி "உம்" கொட்டிக்கொண்டே, மேஜையிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.