மூன்று ரோட்டு மூட்டை

ஆப்பிரிக்காவில் ஐ.நா. படையில் இருந்துவிட்டு, பட்டாளத்துக்கும் முழுக்குப் போட்டு வந்த ஹரிபிரசாத், புத்தூரில் ஒரு பள்ளிக்கூட வேனுக்கு டிரைவரானபோது தெருவே பெருமைப்பட்டது. அந்தப் பெருமை அடுத்த அமாவாசை வரைக்கும்தான் தாங்கியது.

அமாவாசைக்கு மறுநாள், மூன்று ரோடு கூடுமிடத்தில் யாரோ திஷ்டி சுற்றிப் போட்ட சிவப்புத் துணி மூட்டை கிடந்தது. எல்லா வண்டியும் ஓரமாக ஒதுங்கிப் போனது. இவன் தூரத்திலேயே வேனை நிறுத்தியவன்தான். ஒரு நாய் வந்து மூட்டையை இழுத்துக்கொண்டு போகும்வரை நகரவில்லை. பிள்ளைகளுக்கு முதல் பீரியட் போயிற்று.

"துப்பாக்கி புடிச்ச கை எலுமிச்சம்பழத்துக்கு நடுங்குது பாரு" என்றாள் எதிர்வீட்டுச் செல்வி. அவள் வாசற்படியில் நாலு எலுமிச்சம்பழம் தொங்குவது வேறு விஷயம்.

அடுத்த அமாவாசைக்கும் அதே கதை. பள்ளி நிர்வாகி வீராசாமி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா நின்னா வேற டிரைவர பாத்துக்குவேம்பா."

அன்றிரவு சோறு போடும்போது ஹரிபிரசாத்தின் மனைவி தாட்சாயணி கேட்டாள். "நெசமாவே திஷ்டிக்கா பயப்படுற?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அங்க ரோட்டுல இதே மாதிரி ஒரு மூட்டை. முன்னால போன வண்டி அதுமேல ஏறிச்சு, வெடிச்சிடுச்சு. அத்த ஓட்டிக்கினு போனவன் என்கூட ஒரே தட்டுல துன்னவன். இது புத்தூருன்னு தெரியுது தாட்சாயணி. காலு பிரேக்க விட மாட்டேங்குது."

"வீராசாமி அண்ணன்கிட்ட சொல்லட்டா?"

"வேணாம். பைத்தியம்னுடுவாங்க. பயந்தாங்கொள்ளின்னே இருக்கட்டும்."

மூன்றாம் அமாவாசைக்கு மறுநாள் தாட்சாயணி வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "அம்மா ஊர்வலம் போறாங்க" என்று செல்வி கூவினாள்.

மூட்டை கிடந்தது. வேன் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஹரிபிரசாத்தின் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

தாட்சாயணி இறங்கிப் போனாள். அடுத்தவர் திஷ்டியைக் கையால் தொட்டால் அது தொட்டவரிடமே ஒட்டிக்கொள்ளும் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவளும் அதை நம்புகிறவள்தான். ஆனாலும் குனிந்து எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். எலுமிச்சம்பழம், மிளகாய், உப்பு என்று ஒவ்வொன்றாக அவன் பார்க்கத் தூக்கிக் காட்டிவிட்டு, பள்ளத்தில் வீசினாள்.

ஏறி உட்கார்ந்தவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "கைய கழுவு."

கழுவினாள். வேன் நகர்ந்தது.

இன்றும் அமாவாசை முடிந்த காலையில் பிரேக் விழத்தான் விழுகிறது. அவளும் இறங்கத்தான் இறங்குகிறாள். தாட்சாயணி கைபட்ட குழம்பைச் செல்வி இப்போது வாங்குவதில்லை. தன் பிள்ளையை மட்டும் அதே வேனில்தான் ஏற்றி விடுகிறாள்.