அண்ணி ஊறப்போட்ட அட்டவணை

என் அண்ணி எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் அதே பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். வருடா வருடம் கால அட்டவணை போடும் வேலை அண்ணியின் தலையில்தான் விடியும். இந்த வருடம் அது பெரும் தலைவலியாக வந்தது. கூரை ஒழுகியதால் இரண்டு லேபில் ஒன்றைப் பூட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த லேபில் நாளொன்றுக்கு ஆறு பீரியடு, வாரத்துக்கு முப்பது. வேண்டியதோ முப்பத்தைந்து.

மூன்று நாளாக அண்ணி பெரிய அட்டையில் வண்ணச் சீட்டுகளை ஒட்டுவதும் பிய்ப்பதுமாக இருந்தார். ஏழாம் வகுப்பை நகர்த்தினால் ஒன்பதாம் வகுப்பு இடிக்கும். ஒன்பதை நகர்த்தினால் விளையாட்டு வாத்தியார் சண்டைக்கு வருவார். வீட்டிலும் அதே நினைப்பு. "உப்பு எங்க?" என்று அண்ணன் கேட்டதற்கு, "வியாழக்கிழமை மூணாவது பீரியடு" என்றாராம்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இனிமே முட்டினா என் மண்டைதான் உடையும். கொஞ்சம் படுக்கப் போறேன்."

"அண்ணி! நாலு மணிக்கு அட்டவணையை ஒட்டியாகணும்."

"தெரியும். ஊறப் போட்டிருக்கேன். ஊறாததை அரைச்சா கல்லுக்குத்தான் கேடு."

உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கான அறைக் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றேன். சொல்லிவைத்தாற்போல் தலைமை ஆசிரியர் வந்தார்.

"டீச்சர் எங்கம்மா?"

"உள்ள வேலையா இருக்காங்க சார்."

உள்ளிருந்து ஒரு குறட்டை வந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலை பலமா நடக்குது போல. நாலு மணிக்கு வர்றேன்" என்று போய்விட்டார்.

சாப்பாட்டு மணி அடித்ததுகூட அண்ணிக்குக் கேட்கவில்லை. எழுந்தபோது வராந்தா வெறிச்சோடிக் கிடந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, கையில் ஒரு தாளும் இல்லாமல், மெதுவாக நடக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு டப்பாவோடு நான் பின்னாலேயே ஓடினேன். கூரை ஒழுகாத அந்த லேபின் ஜன்னலருகே நின்றார். உள்ளே முக்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன.

"இது ஏன் பூட்டியிருக்கு?"

"சாப்பாட்டு நேரம் அண்ணி. எல்லாருக்கும் பசிக்கும்ல."

"நமக்குப் பசிக்கும். லேபுக்குமா பசிக்கும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் முழித்தேன்.

"சின்ன வகுப்புங்க முதல்ல சாப்பிடட்டும், பெரிய வகுப்பு லேபுல இருக்கும். பெரியவங்க அடுத்த பீரியடு சாப்பிடட்டும், சின்னதுங்க லேபுக்கு வரட்டும். ஒரு நாளைக்கு ஒரு பீரியடு கூடுதல். அஞ்சு நாளைக்கு?"

"அஞ்சு!" என்றேன். மூன்று நாளும் எத்தனையோ சீட்டை நகர்த்தினோம். சாப்பாட்டு நேரத்தை மட்டும் யாருமே தொடவில்லை. அது நகரும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

முக்கால் மணி நேரத்தில் அட்டவணை முடிந்தது. நாலு மணிக்கு வந்த தலைமை ஆசிரியர் விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை.

"எப்படி டீச்சர் பிடிச்சீங்க?"

"தூங்கி எந்திரிச்சேன் சார்" என்றார் அண்ணி, கொஞ்சமும் கூசாமல்.

திங்கட்கிழமை முதல் சாப்பாட்டுக் கூடத்தில் நெரிசலும் பாதியாகக் குறைந்தது. அதை அண்ணிகூட எதிர்பார்க்கவில்லை.

மூளை சூடானால் இறக்கிவைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அண்ணிக்கு அது இருக்கிறது. நானும் ஒருநாள் பதிவேட்டுக் குழப்பத்தை வைத்துவிட்டு அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். பயத்தில் கண்ணே மூடவில்லை.