மஞ்சள் பைக்குப் போன உரை

யுரேனியம் செறிவூட்டிய பழைய ஆலையின் கடைசிக் கட்டடத்தை இடிக்க விழா எடுத்திருந்தார்கள். வாஷிங்டனிலிருந்து வந்த துணைச் செயலர் பிரெஸ்காட் பேசி முடித்தால்தான் யாரும் வீட்டுக்குப் போகலாம். அவர் கையில் இருபத்திரண்டு தாள் உரை. வாசலில் கதிர்வீச்சைச் சோதிக்கும் வெர்னாவுக்கோ மூன்று மணிக்கு மகளின் சாஃப்ட்பால் இறுதி ஆட்டம். போன வருடம் தவறவிட்டதற்கே வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறாள்.

உள்ளே சுற்றிப் பார்த்தபோது பிரெஸ்காட் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். தாள்கள் தரையெங்கும் பறந்தன. பொறுக்கிக்கொண்டு வந்தவரை வெர்னா மறித்தாள்.

“தரையில விழுந்ததை அப்படியே வெளிய விட முடியாது சார். ஒவ்வொரு தாளா, முன்னும் பின்னும் மெதுவா கருவி வச்சுப் பார்க்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும்.”

சொன்ன பிறகுதான், அந்த இரண்டு மணி நேரம் தன் தலையிலும் விழும் என்பது அவளுக்கு உறைத்தது.

“இங்க ஒரு துளி மாசுகூட இல்லம்மா!”

“யாரு சார் சொன்னது?”

“இதோ, மூணாம் பக்கத்துல இருக்கு!”

“அப்ப அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.”

பின்னால் நின்ற தொழிலாளி டுவைட் குரல் கொடுத்தான். “இல்லேன்னா கதிர்வீச்சுக் குப்பைக்கான மஞ்சப் பையில போட்டுடுங்க சார். ஆயிரம் வருஷம் பத்திரமா இருக்கும்!”

வெளியே கேமராக்கள் காத்திருந்தன. பிரெஸ்காட் உரையை மஞ்சள் பையில் போட்டார். மேடையேறி நினைவிலிருந்ததைச் சொன்னார்: எல்லோருக்கும் நன்றி, வெயில் அதிகமாக இருக்கிறது. அந்த ஆலை அப்படியொரு கைதட்டலைக் கேட்டதேயில்லை.

வெர்னா பையில் சீட்டு ஒட்டினாள்: ‘காகிதம், இருபத்திரண்டு தாள். அபாயம்: சோதிக்கப்படவில்லை.’

மகள் மட்டையோடு களத்தில் இறங்கியபோது வெர்னா முதல் வரிசையில் இருந்தாள்.