துவைக்காத துண்டு

முத்துகிருஷ்ணனுக்கு எதையும் நிதானமாகச் செய்யத் தெரியாது. மிளகாய்ச் செடியில் இலை சுருண்டதைப் பார்த்ததும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்றுகூடப் பார்க்காமல், கசிகிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்க இறங்கிவிட்டான். வேர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு. மதியம் வரப்பில் விழுந்து கிடந்தவனை, வாயில் நுரையும் தொடையெல்லாம் வெடவெடப்புமாக, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள்.

அங்கே அவன் துணிகளை உருவிப் பையில் கட்டி, "எரிச்சிருங்க" என்று அவன் பெண்டாட்டி துர்காதேவியிடம் கொடுத்தார்கள். தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர எரிக்கவில்லை. உயிருக்குப் போராடுகிறவன் கழற்றிப் போட்டதைத் துவைத்தாலோ எறிந்தாலோ ஆளை வழியனுப்பி வைத்த மாதிரி என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. படித்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பையை ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் ஒளித்தாள். துண்டை மட்டும் எடுத்து மடித்து, அவன் தலையணை உறைக்குள் செருகினாள். அவன் வேர்வை அவனை விட்டுப் போகாத வரைக்கும் மனுசனும் போகமாட்டான் என்று நம்பினாள், பாவி.

இரண்டாம் நாள் காலை அவன் கண் விழித்து, "கஞ்சி இருக்கா?" என்றான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துண்டுதான் காப்பாற்றியது என்று தலையணையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மூன்றாம் நாள் அவன் கழுத்து நிற்கவில்லை. இமை சரிந்தது. மூச்சு முட்டியது. தீவிர சிகிச்சை அறைக்குக் கொண்டுபோய், தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சு மிஷினில் போட்டார்கள். நர்ஸ் ராமலெட்சுமியின் கையைப் பிடித்துக் கெஞ்சி, அந்தத் தலையணையையும் அவனோடு அனுப்பி வைத்தாள் துர்காதேவி.

சாயங்காலம் டாக்டர் சாலிஹா அவளைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"தசைக்கு ஒரு உத்தரவு வந்தா அது சுருங்கும்மா. உடனே கண்ணிமைக்கிற நேரத்தைவிடக் கம்மியா ஒரு ஓய்வு வேணும். அது கெடைச்சாத்தான் அடுத்த உத்தரவைக் கேக்கும். இந்தப் பூச்சிமருந்து அந்த ஓய்வைக் குடுக்காது, விரட்டிக்கிட்டே இருக்கும். ஓயாம அடிச்சா மாடு படுத்துரும்ல? அவரு மூச்சுத் தசை அப்படித்தான் படுத்துருச்சு."

"நேத்து நல்லாப் பேசுனாகளே டாக்டரம்மா!"

"அதான் புரியல. எறங்குன விஷம் திரும்ப ஏறுது. எங்கிட்டிருந்து ஏறுதுன்னு தெரியல."

துர்காதேவி தன் கையைப் பார்த்தாள். காலையிலிருந்து கட்டைவிரலுக்குக் கீழே சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்திருந்தாள். வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. அந்தத் தலையணையை எத்தனை தடவை தட்டித் தட்டிச் சரிசெய்தாள், எத்தனை தடவை அதில் முகம் புதைத்து அழுதாள்!

"நாந்தேன்! நாந்தேன் வச்சேன்!" என்று அலறிக்கொண்டு தலையணையைப் பிடுங்கினாள். "மருந்துத் துண்டு உள்ள இருக்கு. என் மாமனை நானே கொன்னுட்டேனே!"

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ராமலெட்சுமி கையுறை மாட்டிக்கொண்டு தலையணையை வாங்கிக்கொண்டு போனாள். ஒளித்த பையும் போனது. அவன் தலையையும் கழுத்தையும் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினார்கள். இவளையும் குளிக்க வைத்து, வேறு சேலை கொடுத்து, ஒரு ஊசியும் போட்டார்கள்.

"பொழைச்சுருவாகளா?"

"இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார் சாலிஹா. "ரெண்டு மூணு வாரம்கூட ஆகலாம்."

அவர் நகர்ந்ததும் துர்காதேவி நர்ஸின் முழங்கையைப் பற்றினாள். "தாயி, அவுக முழிச்சா நாந்தேன் செஞ்சேன்னு சொல்லிராதீக. நான் உசுரோட இருக்க மாட்டேன்."

பொய் சொல்ல ராமலெட்சுமிக்கு வாய் வரவில்லை.

"கை கால்தான்க்கா அசையாது. காது கேக்கும். நீங்க கத்துனது அவருக்குக் கேட்டிருக்கும்."

துர்காதேவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே அவன் முகம் ஒன்றும் சொல்லாமல் கிடந்தது. மிஷின் மூச்சு விட்டது. நெடுநேரம் கழித்து அவன் காதருகே குனிந்தாள்.

"கேட்டுருச்சா மாமா?" என்றாள். "அப்ப என்னைய வையுறதுக்காச்சும் எந்திரிச்சு வாங்க."