கோபுரம் முடிசூடிய காலை

போரில் குண்டு விழுந்ததிலிருந்து ஸ்தாரோவிட்சா ஊரின் மரியன்னை ஆலயக் கோபுரம் மொட்டையாகவே நின்றது. எழுநூறு வருஷத்துக் கோபுரம். ஒருவழியாக, செம்புத் தகடு வேய்ந்த புது முடி செய்து ஆலய வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அதை மேலே ஏற்றும் பொறுப்பை ஊரிலேயே இருக்கும் கிரேன் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது. கிரேன் ஓட்டுபவள் போகுமிலா.

அந்தச் சனிக்கிழமை பிஷப், மேயர், பேண்டு வாத்தியம் என்று சந்தைச் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. முடி பாதி உயரம் போயிருக்கும். ஆற்றுப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. அத்தனை பெரிய முடி மெல்லச் சுழல ஆரம்பித்தது.

முடியைப் பிடித்துப் பொருத்தக் கோபுர உச்சியில் நின்ற தொழிற்சாலைப் பையன் குஸ்தாவ் வாக்கிடாக்கியில் கத்தினான். "அக்கா, இன்னும் கொஞ்சம்தான்! ஏத்திருங்க!"

"வேணாம்டா. மேல அடிச்சுதுன்னா நீயும் போவ, கோபுரமும் போகும். நான் இறக்குறேன்."

இறக்கியேவிட்டாள். வாத்தியம் பாதியில் நின்றது. மேயர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னம்மா இது! பிஷப் காத்துக்கிட்டிருக்காரு!"

"அவரு காத்துக்கிட்டிருக்காரு, இங்க காத்து அடிச்சுக்கிட்டிருக்கே சார். நான் என்ன பண்ண?"

கூட்டத்தில் ஒருவன், "பொம்பளைகிட்ட குடுத்தா இப்படித்தான்" என்றான். கசகசா ரொட்டி விற்றுக்கொண்டிருந்த அவள் புருஷன் ராதோஸ்வாவ் திரும்பிப் பார்த்தான். "நீ ஏறுறியா ராசா? ஏணி கொண்டாரவா?"

சிரித்தார்கள். ஆனாலும் வீடு திரும்பிய போகுமிலாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயந்துதான் இறக்கினோமோ என்ற கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விடிந்தபோது ஓர் இலைகூட அசையவில்லை. குஸ்தாவுக்குப் போன் போட்டாள். பிஷப் ஊருக்குப் போயாயிற்று, வாத்தியமும் இல்லை. முதல் பூசைக்கு வந்தவர்களும், ஷிப்டு முடிந்து நீலச் சட்டையோடு வந்த தொழிற்சாலைக்காரர்களும்தான் இருந்தார்கள். முடி நேராக, ஆடாமல், அவசரமில்லாமல் ஏறியது.

"உக்காந்துருச்சுக்கா!" குஸ்தாவ் மேலிருந்து கத்தினான். "அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காந்துருச்சு!"

மணி அடிக்கத் தொடங்கியது. மேயர், வீட்டுக்குள் போடும் செருப்போடு ஓடிவந்து சேர்ந்தார். நீலச் சட்டைக்காரர்கள், "நம்ம கிரேன்! நம்ம போகுமிலா!" என்று கூவினார்கள்.

கீழே இறங்கியவள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். வெயில் பட்டுச் செம்பு தகதகத்தது.

"கழுத்து வலிக்கலையா?" என்றான் ராதோஸ்வாவ்.

"வலிக்குது. பேசாம இரு."