மிச்சத்துக்கு ஓர் அடுப்பு

நல்லூரில் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் தையல் மெஷின்கள் ஓடும். மேல்தளத்தில் இரண்டு ஓரகத்திகள் மோதுவார்கள். மெஷின்களுக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

மூத்தவள் சாரதாமணி, முதலாளி ஆறுமுகசாமியின் மனைவி. இளையவள் மைதிலி, அவர் தம்பி வேல்குமாரின் மனைவி. அண்ணனும் தம்பியும் குழந்தைகளுக்கான பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு சண்டையும் கிடையாது. பெண்கள் இருவருக்கும் நடுவே ஒரே சமையலறை, ஒரே ஃபிரிட்ஜ், ஒரே அடுப்பு. அந்த அடுப்பில் துவரம்பருப்பு வேகக் காஸ்கூடத் தேவையில்லை, இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியும் நின்று பார்த்துக்கொண்டால் போதும் என்று கீழே டெய்லர்கள் பேசிக்கொள்வார்கள்.

இருவருக்கும் வேண்டியது என்னவோ ஒன்றுதான்: தனி அடுப்பு. அதை வாய்விட்டுக் கேட்பதில்தான் சிக்கல். கேட்பவள் குடும்பத்தைப் பிரித்தவள். சாரதாமணியின் சித்தி ஒருத்தி அப்படிக் கேட்டவள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, அவளுடைய பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "அடுப்புப் பிரிச்ச ஊட்டுப் புள்ளைங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் காபி டம்ளரைக் கையில் எடுத்தார்கள். சென்னிமலைத் தேரிலிருந்து காதுகுத்துப் பந்திவரை அந்தப் பேச்சு சித்தியின் பரம்பரையோடு கூடவே நடந்து வந்தது.

ஆகையால் அவள் கேட்கட்டும் என்று இவளும், இவள் கேட்கட்டும் என்று அவளும் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. இவள் ஊறப்போட்ட அரிசியில் அவள் உப்பைக் கொட்டுவாள். அவள் உறை ஊற்றிய பாலை இவள் 'தெரியாமல்' காய்ச்சிவிடுவாள். பேச்சில் மட்டும் தேன் ஒழுகும். சாரதாமணி சாதாரண நாளில் மைதிலியை 'வா, போ' என்றுதான் பேசுவாள். 'வாங்க மைதிலி' என்று வாயிலிருந்து வந்துவிட்டால், கீழே கட்டிங் மாஸ்டர் கத்தரியை வைத்துவிட்டு மாடிப்படியை ஒரு பார்வை பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தோணிராஜ் வந்தார். வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் சரக்கைப் பரிசோதித்துப் பாஸ் போடுகிற ஆள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இரண்டு நாள் வேலை, மதியச் சாப்பாடு மாடியில். வந்த மனிதருக்கு முந்தின நாள்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் பூசணிக்காயை ஒளித்து வைத்தது போல வீங்கியிருந்தது.

"மெல்ல முடியாதுங்க. காரமும் ஆகாது. மோர் இருந்தாக் குடுங்க, போதும்" என்றார்.

"அதெப்படிங்க," என்றாள் மைதிலி. "மேஷ்டு பொட்டேட்டோ பண்ணித் தர்றனுங்க. மெல்லவே வேண்டாம், வழுக்கிட்டு உள்ள போயிரும்."

செல்போனில் வீடியோவைப் பார்த்தபடி உருளைக்கிழங்கை வேகவைத்தாள். எவ்வளவு என்கிறீர்கள்? கல்யாண மண்டபத்துக்காரர்கள் பார்த்தால் கடன் கேட்டிருப்பார்கள். பாலும் மிளகும் ஊத்துக்குளி வெண்ணெயும் போட்டுக் கடைந்து, பனிமலை போலக் குவித்துக் கொண்டுவந்து வைத்தாள். அந்தோணிராஜ் இரண்டு கரண்டி சாப்பிட்டார். மூன்றாவது கரண்டியில் களி போல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

"வெள்ளக் கடைசலு நல்லாத்தானுங்க இருக்குது மைதிலி," என்றாள் சாரதாமணி. "செவுத்துக்குப் பட்டி பாக்கறதுக்கு."

"மிச்சத்த வீசிருங்க அக்கா. விருந்தாளிக்குப் பழசு வெக்கற பழக்கம் எங்கம்மா ஊட்டுல இல்லீங்க. நாளைக்குப் புதுசாப் பண்ணிக்கறேன்." மைதிலி குண்டாவைச் சூட்டோடு மூடிப் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். தேய்ப்பது யார் என்பதையும் அந்த மூடி சொன்னது.

சாரதாமணி மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஆவியோடு அந்த யோசனையும் அடித்தது.

நாளைக்கு அந்த மனிதர் வாயில் இந்த மிச்சம் போனால்? பழையதைத் தின்னவைத்தவள் மைதிலி என்று அண்ணன் தம்பி முன்னால் வெளிச்சமானால்? விருந்தாளிக்கு மிச்சம் போட்டவள் என்ற பெயரோடு ஒரு பொம்பளை அதே சமையலறையில் எத்தனை நாள் நிற்பாள்? அழுதுகொண்டே, "என்னைத் தனியா விட்டுருங்க மாமா" என்று கேட்டுவிடுவாள். கேட்டால் தீர்ந்தது கதை.

ஆனால் அதற்கு மிச்சம் கெடாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு அந்த உருளைக்கிழங்கை சாரதாமணி கவனித்த கவனிப்பில் கால்பங்கு பெற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்திருந்தால் இரண்டும் கலெக்டராகியிருக்கும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் புளித்துப்போகும் என்று அகலத் தட்டில் பரப்பி, பேக்கிங் செக்‌ஷனின் பெரிய ஃபேனுக்கு அடியில் ஆறவைத்தாள். பிறகு தட்டையான எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பனியனைப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றுவதுபோலக் கரண்டியால் அமுக்கி, இடுக்கில்லாமல் நிரவி மூடினாள். ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளினாள். யாராவது திறந்தால்? கீழே போய்ச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்துவந்து மூடியில் ஒட்டினாள். பழுதான துணியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. அந்த வீட்டில் பிறந்த குழந்தைகூடச் சிவப்பு அம்பு ஒட்டிய எதையும் தொடாது.

மறுநாள் காலையில் மைதிலி அடுப்பின் நான்கு பர்னரையும் பிடித்துக்கொண்டாள். ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்றில் ரசம், ஒன்றில் பால், நான்காவதில் வெறும் தண்ணீர்; அக்காவுக்கு இடம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் அது.

"ஒரு பர்னர் விடறீங்களா மைதிலி?"

"ஐயோ, இப்பத்தானுங்க அக்கா வெச்சேன். மத்தியானத்துக்கு மேல எல்லாமே உங்களுக்குத்தான்."

சாரதாமணிக்கு உச்சந்தலைவரை எரிந்தது. டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு கீழே ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பட்டனும் லேபிளும் அடுக்கிய அலமாரிக்கு மேலே, யாரோ தீபாவளிக்குக் கொடுத்த கரண்ட் அடுப்பு பிரிக்காத பெட்டியில் கிடந்தது. பிரித்தாள். கதவைச் சாத்தினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

அடுத்த நிமிடம் கம்பெனியே செத்தது. மெஷின் நின்றது, அயர்ன் பாக்ஸ் நின்றது, லைட் போனது. "ஏய், யாரு அது?" என்று வேல்குமார் கத்தினான். எலெக்ட்ரீஷியன் ஓடிவந்து பார்த்து, ஸ்டோர் ரூம் லைனில் ஏதோ லோடு ஏறி ட்ரிப் ஆகியிருக்கிறது என்று சொல்லி, ஸ்விட்சைத் தூக்கிவிட்டுப் போனான். உள்ளே சாரதாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சூட்டைக் குறைத்து வைத்தாள். லைன் தாங்கியது.

ஒரு கரண்டி பால் விட்டாள். இறுகிக் கிடந்தது இளக ஆரம்பித்தது. அடிபிடிக்காமல் ஓரத்திலிருந்து வழித்து வழித்துக் கிண்டினாள். இன்னும் கொஞ்சம் பால், எலுமிச்சை அளவு வெண்ணெய், கைநுனியால் உப்பு. மைதிலி மேல் இருந்த அத்தனை ஆத்திரமும் கரண்டி வழியாக இறங்கிக் கட்டி ஒன்றில்லாமல் நொறுக்கியது. மத்தியானம் மைதிலி தலைவாரப் போன இடைவெளியில் அவளுடைய புதுக் கடைசலை ஒரு குண்டாவில் வழித்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து, அது இருந்த கிண்ணத்தில் இதை நிரப்பி வைத்தாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மைதிலி தன் கையாலேயே பரிமாறினாள். அந்தோணிராஜ் பயந்து பயந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய். கிண்ணத்தையே பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. நேத்தைக்கு மேலண்ணத்துல அப்பிக்கிட்டு. இன்னைக்குத்தான் பதம். வெண்ணெய் கணக்கா எறங்குது பாத்துக்கிடுங்க."

"எல்லாம் கைப்பழக்கந்தானுங்க," என்று மைதிலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சும்மா சொல்லப்படாது. இந்தக் கைக்கு வளையல் போடலாம்."

சாரதாமணி சொல்ல வேண்டியதை நேற்றிலிருந்தே சீவி முடித்து வைத்திருந்தாள். 'அது நேத்து மிச்சமாட்ட இருக்குதுங்களே' என்று அப்பாவியாகச் சொல்லிவிட்டு நகர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வளையல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சீவி வைத்ததெல்லாம் மறந்துபோனது. தன் கை கிண்டிய கிண்டலுக்கு அவள் கைக்கு வளையலா?

"அது நேத்து மிச்சமுங்க," என்றாள். "புதுசு இல்ல. கெடாம எடுத்து வெச்சதும் நானு, இன்னிக்குப் பதமாச் சூடு பண்ணுனதும் நானு. அவளுக்கு என்ன தெரியும்."

ஆறுமுகசாமியின் கை சோற்றிலேயே நின்றது. மைதிலி கிண்ணத்தைப் பார்த்தாள், சாரதாமணியைப் பார்த்தாள். முகம் சிவந்தது. பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சிவப்பு வடிந்து முகம் மார்கழிக் காலைபோலக் குளிர்ந்தது.

"ஏனுங்க அக்கா," என்றாள். "நாலு பர்னரும் காலைல இருந்து எங்கிட்டத்தானுங்களே இருந்துச்சு. நீங்க எந்த அடுப்புல சூடு பண்ணுனீங்க?"

சாரதாமணி சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"மொட்ட மாடில... வெயில்ல வெச்சேன்."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். காலையிலிருந்து வானம் கழுவாத தோசைக்கல் மாதிரி கிடந்தது.

"அண்ணா," என்றான் வேல்குமார் மெதுவாக. "காலைல ட்ரிப் ஆனது ஸ்டோர் ரூம் லைனுங்க." எழுந்து கீழே போனான். வரும்போது கரண்ட் அடுப்பை வயரைப் பிடித்துச் செத்த எலியைத் தூக்கிவருவதுபோலத் தூக்கிவந்தான். ஓரத்தில் வெள்ளைக் கடைசல் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஆறுமுகசாமி கையை உதறினார். "ஒரு ஊட்டுக்குள்ள ரெண்டாவது அடுப்பு பத்தியாச்சு," என்றார். "இனிப் பேசறதுக்கு என்ன இருக்குது."

"நான் சூடு பண்ணத்தானுங்க..."

"நான் ஒரு நாளும் கேட்டதில்லீங்க மாமா," என்று மைதிலி முந்தானையால் கண்ணை ஒற்றினாள். முந்தானை நனையவில்லை. "அக்காவே பிரிஞ்சு போகோணும்னு பத்த வெச்சிருக்காங்க. நாம எதுக்குங்க தடுக்கோணும்? ஸ்டோர் ரூம அவங்களுக்கே ஒதுக்கிக் குடுத்துருங்க."

அந்தோணிராஜ் கிண்ணத்தை வழித்து முடித்து நிமிர்வதற்குள் செய்தி அருள்புரம் தாண்டியிருந்தது. அவர் கை கழுவியபோது சேவூரில் சாரதாமணியின் தம்பிக்குப் போன் வந்தது. வாய் துடைத்தபோது சென்னிமலையில் அவள் நாத்தனார், "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லி முடித்திருந்தாள். பனியன்கள் ஒன்று விடாமல் பாஸாகின. சாரதாமணிதான் சிவப்பு அம்பு ஒட்டப்பட்டு நின்றாள்.

அலமாரிகளை ஓரமாகத் தள்ளி அவளுக்கு அடுப்பு வைத்துக் கொடுத்தார்கள். அவள் இத்தனை வருடம் ஏங்கிய அதே தனி அடுப்பு. கூடவே சித்தியின் பெயரும் பேத்தி காலம்வரை உரிமையோடு வந்து சேர்ந்தது.

தனி அடுப்பு வந்த முதல் நாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. மைதிலி நின்றாள். கையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்த அந்தக் குண்டா. மேலே புத்தம் புதுச் சிவப்பு ஸ்டிக்கர்.

"மிச்சமுங்க அக்கா," என்றாள். "ஃபிரிட்ஜுலதான் வெச்சிருந்தேன், கெடலீங்க. உங்க பதம் யாருக்கும் வராதுன்னு சார் சொன்னாருங்களே. உங்க அடுப்புலயே சூடு பண்ணிக்கோங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க மைதிலி. போயிட்டு வாங்க."

கதவைச் சாத்தினாள். குண்டாவைச் சுவரில் எறியத்தான் கை ஓங்கியது. பசித்தது. ஒரு கரண்டி பால் விட்டு, குண்டாவை அடுப்பில் வைத்து, சூட்டைக் குறைக்க மறந்து ஸ்விட்சைப் போட்டாள்.

மெஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதியில் மாடியிலிருந்து மைதிலியின் குரல் கீழே எல்லா டெய்லர்களுக்கும் கேட்கும்படி, மெதுவாக, மிக மரியாதையாக இறங்கிவந்தது.

"ஒண்ணுமில்லீங்க. அக்கா சமையல் ஆரம்பிச்சுட்டாங்களாட்ட இருக்குது."